மூன்று கூண்டும் ஒரே எடை

அணைத் தண்ணீரில் மிதந்த மூன்று கூண்டுகளில், கூண்டுக்கு ஐந்நூறு கெண்டைக் குஞ்சுகளை எண்ணி விட்டார் ஆய்வாளர் அம்மா. தினமும் முதல் கூண்டுக்கு மீன்களின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தீவனம், நடுக்கூண்டுக்கு நான்கு, மூன்றாவதற்கு ஆறு. தொண்ணூறு நாளில் எது வளர்கிறது, எது சாகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

தீவனம் போடுகிறவரை அங்கே எல்லோரும் மச்சான் என்றே கூப்பிட்டார்கள். வீட்டில் அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். எதை வாங்கி வந்தாலும் சரிசமமாகப் பங்கு வைத்துப் பழகிய கை.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் போட்டார். ஆனால் முதல் கூண்டு மீன்கள் அவர் நிழல் பட்டதுமே ஓரத்துக்கு வந்து வாயைப் பிளந்தன. போட்டது இரண்டே நிமிடத்தில் தீர்ந்தாலும் நகராமல் நின்றன. மூன்றாம் கூண்டிலோ தீவன உருண்டைகள் சீந்துவாரில்லாமல் ஊறி மூழ்கின. மச்சானுக்கு மனசு கேட்கவில்லை. எட்டாம் நாளிலிருந்து மூன்றாம் கூண்டின் தீவன வாளியிலிருந்து கொஞ்சம் அள்ளி முதல் கூண்டில் போட ஆரம்பித்தார். கரையிலிருந்த ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் இது தெரியாது.

தொண்ணூறாம் நாள் மூன்று கூண்டும் ஏறக்குறைய ஒரே எடை காட்டின. ஆய்வாளர் தராசை மாற்றிப் பார்த்தார், அப்போதும் அதேதான். மீன் பண்ணை இயக்குநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரண்டு பங்கே போதும் என்று, பண்ணையின் நாற்பது கூண்டுகளுக்கும் அன்றே உத்தரவு போட்டுவிட்டார்.

மச்சான் வேர்த்து விறுவிறுத்து அவர் அறைக்குப் போனார்.

“தப்பு என்னோடது சார். பாவம், பசியில கிடந்துச்சுங்க. மூணாவதுல இருந்து எடுத்து நான்தான் போட்டேன்.”

தீவனம் குறைந்தால் தன் வேலை போய்விடும் என்று ஆள் கதை கட்டுவதாக இயக்குநர் நினைத்தார். பயப்பட வேண்டாம் என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

ஆய்வாளர் மட்டும் பின்னாலேயே வந்தார். “எவ்வளவு எடுத்தீங்க?”

“அளந்தெல்லாம் எடுக்கல மேடம். அதுங்க வாயை மூடுற வரைக்கும் போட்டேன்.”

அவர் ஒன்றும் திட்டவில்லை. புதுக் குஞ்சுகளை விட்டு மறுபடி தொடங்கினார். இம்முறை தீவனத்தைத் தானே போட்டார். மச்சானுக்குக் கரையில் வலை அலசும் வேலை. கூண்டுப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து அலசினார்.

முதல் கூண்டில் தலை மட்டும் பெருத்து உடம்பு வற்றி நூற்றுச் சொச்சம் செத்தன. மூன்றாவதில் மிஞ்சிய தீவனம் அழுகி, தண்ணீர் கெட்டு, அதற்கும் மேல் செத்தன. நடுக்கூண்டு மட்டும் கொழுகொழுவென்று இருந்தது. நான்கு பங்குதான் சரி என்று ஆய்வாளர் எழுதிக் கொடுத்தார். மச்சானின் கை அள்ளி அள்ளிச் சமன் செய்து கொண்டுவந்து நிறுத்தியதும் அந்த நான்கு பங்கில்தான் என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார். அதை மட்டும் எழுதவில்லை.

அதற்குள் நாற்பது கூண்டு மீன்களும் குச்சிகுச்சியாகிவிட்டிருந்தன. அது பெரிய அளவில் செய்த சரிபார்ப்புச் சோதனை என்று இயக்குநர் கூட்டத்தில் விளக்கினார். கைதட்டல் கிடைத்தது.

மறுநாள் படகுத்துறையில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. தீவனம் போடுபவர்கள் மீன்களைப் பார்த்து இரக்கப்படுவது தடை செய்யப்படுகிறது.

மறுபடி தீவன வாளியைத் தூக்கிக்கொண்டு ஆய்வாளரோடு வந்த மச்சான் அதை இரண்டு தரம் படித்தார்.

“சரி மேடம்,” என்றார். “பார்க்காம எப்படிப் போடுறது?”