நிரப்பாத மணற்பெட்டி

கோசிகா நனைத்த பஞ்சால் அப்பாவின் உதடுகளை ஒற்றிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போர்வைக்குள்ளிருந்து வலக்கை வெளியே வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலின் இரும்புச் சட்டத்தை இரண்டு தரம் தட்டியது.

"வெறுமையாக் கேக்குது, பிள்ளை," என்றார் ஆனந்தராஜா.

"என்னப்பா?"

"பெட்டி. மணல் இல்லை."

சுவரோரக் கதிரையில் இருந்த அம்மா கனகாம்பிகை நிமிராமலே சொன்னாள்: "காலமையிலயிருந்து இதுதான் கதை. மருந்து செய்யிற வேலை."

ஆனந்தராஜா தெற்கு லண்டனில் ஒரு ரயில் பணிமனையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். தண்டவாளத்தில் பனி உறைந்தால் சக்கரத்துக்குப் பிடிமானம் இருக்காது. பிரேக் பிடித்தாலும் சக்கரம் சுழலாமல் வழுக்கிக்கொண்டு போகும். அப்போது முன் வண்டியின் அடியில் உள்ள பெட்டியிலிருந்து காய்ந்த மணல் குழாய் வழியாகச் சக்கரத்தின் முன்னால் வந்து விழும். சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு நிற்கும். ரயில் வெளிக்கிட முன் அந்தப் பெட்டிகளை நிரப்புவதுதான் அவருடைய வேலை.

எட்டு வருடத்துக்கு முன், ஒரு தை மாதக் காலையில், ஒரு ரயில் நிற்க வேண்டிய நிலையத்தில் நிற்கவில்லை. மேடை முழுவதையும் வழுக்கியபடி கடந்து போனது. மேடை முடிகிற இடத்தில் ஆட்கள் நடந்து கடக்கிற ஒரு பாதை. எப்போதும் போல ரயில் நின்றுவிடும் என்று நம்பி ஒருவர் கடந்துகொண்டிருந்தார்.

ஓட்டியவள் பெர்னடெற். பாரிஸில் வளர்ந்து லண்டனுக்கு வந்த தமிழ்ப் பெண். ஓட்டுநராகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. வழியில் பனி கூடுதலாக இருந்ததால் மணல் முடிந்துவிட்டது என்றும், பிரேக் சில வினாடிகள் பிந்திவிட்டது என்றும் விசாரணையில் முடிவானது. அவள் அதற்குப் பிறகு ரயில் ஓட்டவில்லை.

அந்த வருடத்திலிருந்து உறைபனிக் காலைகளில் அப்பா படுக்கையில் இருக்கமாட்டார். வீட்டுக்குப் பின்னால்தான் ரயில் பாதை. மின்சாரம் ஓடும் தண்டவாளத்தில் பனி படிந்தால், ரயில் வரும்போது நீல வெளிச்சம் வெடித்து அறைச்சுவர்களில் அடிக்கும். அப்பா பின் யன்னலடியில் அசையாமல் நிற்பார். ரயில் போய் நிலையத்தில் நிற்கிற சத்தம் கேட்ட பிறகுதான் அவருடைய முதுகு அசையும். வேலை யோசனை என்று அம்மா சொல்வாள். செத்தவரின் பெயரை அந்த வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை.

இப்போது அப்பாவின் கண்கள் தெளிவாக இருந்தன. கோசிகாவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பெர்னடெற்றுக்குச் சொல்லு. அண்டைக்கு முன்பெட்டி ரெண்டும் நான் நிரப்பேல்லை."

"அப்பா..."

"மணல் ஈரம் பட்டுக் கட்டியாப் போச்சு. காய்ஞ்ச மணலுக்கு அங்கால கொட்டிலுக்குப் போகோணும். நிலமெல்லாம் ஐஸ். ஒரு ஓட்டத்துக்கு என்ன வரப்போகுது எண்டு நினைச்சன். நிரப்பினது எண்டு கையெழுத்துப் போட்டன்." மூச்சு வாங்கினார். "மணல் இருந்திருந்தா நிண்டிருக்கும், பிள்ளை."

கோசிகா அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் திகைப்பு இல்லை.

"அம்மா, உங்களுக்குத் தெரியுமோ?"

கனகாம்பிகை எழும்பினாள். மேசையில் நிறையத் தண்ணீரோடு இருந்த சாடியை எடுத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்க வெளியே போனாள்.

அன்று பின்னேரம் மூன்றரைக்கு ஆனந்தராஜா இறந்துபோனார்.

உடல் கிடைத்துச் சடங்குக்கு நாள் குறிக்கப் பத்து நாள் சென்றது. அந்தப் பத்து நாளில் மூன்று காலை உறைபனி விழுந்தது. மூன்றாவது நாள் கோசிகா கண்விழித்தபோது பின் யன்னலடியில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழும்பி வந்தாள் என்று தெரியவில்லை. நீல வெளிச்சம் சுவரில் அடித்தது. ரயில் போய் நிற்கும்வரை அவளும் மூச்சை விடவில்லை. திரும்பியபோது, பின்னால் அப்பா நிற்க இடம் விட்டு விலகுவதுபோல் ஒரு பக்கமாக ஒதுங்கினாள்.

பிறகு போனை எடுத்து அன்று பாதையில் செத்த மனிதனின் பெயரை முதல்தரமாகத் தேடினாள். கம்பளித் தொப்பியோடு சிரிக்கிற ஒரு படம் வந்தது. வயது நாற்பத்தொன்று. தண்ணீர்க் குழாய் வேலை செய்தவர். போனைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் எடுத்து அதையே திரும்பவும் பார்த்தாள்.

சடங்கு நாள் காலையில் அம்மா சேலைக்கு ஊசி குத்தியபடி சொன்னாள்: "பெர்னடெற் வருவாள். ஒண்டும் கதைக்காதை."

"அப்பா சொல்லச் சொன்னவர்."

"எட்டு வருஷம் சொல்லாத மனுஷன். இண்டைக்கு இவ்வளவு சனமும் வந்து அவரைக் கும்பிடேக்க..." அம்மா முடிக்கவில்லை. "இண்டைக்கு மட்டும் பொறு."

"பிறகு எப்ப அம்மா?"

அம்மா ஊசியைத் தேடினாள். அது அவளுடைய கையில்தான் இருந்தது.

மண்டபத்துக்குப் பெர்னடெற் கறுப்புக் கோட்டோடும் வெள்ளைப் பூக்களோடும் வந்தாள். இப்போது ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. நாற்பது வயதுக்கு முகம் மூத்திருந்தது. கோசிகாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள் மாசத்துக்கு ஒருக்கா வீட்ட வருவார், தெரியுமோ? தேத்தண்ணி குடிக்கமாட்டார். கதிரை நுனியில இருந்துகொண்டு, 'உன்ர பிழை இல்லையம்மா' எண்டு சொல்லுவார். அவ்வளவுதான். எழும்பிப் போயிடுவார். என்ர அம்மாகூட எனக்கு அப்பிடிச் சொன்னதில்லை."

அப்பா கிடந்த பெட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா பார்த்தாள். மெதுவாகத் தலையை இல்லை என்று ஆட்டினாள்.

"அக்கா, ஒருக்கா வெளியில வாங்கோ," என்றாள் கோசிகா.

கோட்டுகள் தொங்கிய நடையில் நின்று சொன்னாள். ஈர மணல், கொட்டில், கையெழுத்து எல்லாவற்றையும் அப்பா சொன்ன மாதிரியே சொன்னாள்.

"முன்பெட்டியோ?"

"ஓம். ரெண்டும்."

பெர்னடெற் தன் வலக்கையைப் பார்த்தாள். "நித்திரைக்குப் போக முதல் எண்ணுவன். மேடை தெரிஞ்சது, கை போனது, பிரேக். ஒண்டு, ரெண்டு, மூண்டு. எந்த இடத்தில பிந்தினன் எண்டு. எட்டு வருஷமும் எண்ணினனான்." நிமிர்ந்தாள். "அவர் தெரிஞ்சுகொண்டுதான் என்ர வீட்டுக்கு வந்தவரோ?"

"ஓம் அக்கா."

"என்ர கதிரையில இருந்தவர்."

மன்னியுங்கோ என்ற சொல் கோசிகாவின் தொண்டைவரை வந்தது. அதைச் சொல்ல வேண்டியவர் உள்ளே படுத்திருந்தார். பெர்னடெற் கோட்டை எடுத்து ஒரு கையை மட்டும் நுழைத்தாள். மற்றக் கை நுழையாமல் அப்படியே நின்றாள். உள்ளே ஐயர் வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார். கோசிகா போக வேண்டியிருந்தது.

அரிசித் தட்டை அம்மாவே பிடித்திருந்தாள். சனம் ஒவ்வொருவராக வந்து போட்டு, கும்பிட்டு, நகர்ந்தது. வரிசையின் கடைசியில் பெர்னடெற் நின்றாள். கோட்டின் ஒரு கை வெறுமையாகத் தொங்கியது. அம்மா அவளுடைய முகத்தைப் பார்த்தாள், பிறகு கோசிகாவை. ஆனாலும் தட்டை நீட்டினாள்.

பெர்னடெற் ஒரு பிடி நிறைய அள்ளினாள். அவருடைய முகத்துக்கு மேலே குனிந்தாள். மூடிய கை அவருடைய வாய்க்கு நேரே நின்றது.

பெட்டியை மூட வந்த வெள்ளைக்காரர் நேரத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். யாரோ இருமினார்கள். கோசிகா அசையவில்லை. விரலிடுக்கால் ஓர் அரிசி நழுவி அப்பாவின் சட்டைக் கழுத்தில் விழுந்தது. பெர்னடெற் கையைத் திறக்கவில்லை, எடுக்கவுமில்லை.