செத்த கணக்கில் ஒரு கோழி

அறுப்பின் பண்டிகைக்கு முந்திய நாள் மாலை, புஷ்பபாய் கோழி ஷெட்டுக்குள் நல்ல எடையுள்ள ஒரு கோழியைத் தேடிக்கொண்டிருந்தாள். மூவாயிரம் கோழிகளுக்கும் ஒரே வெள்ளை, ஒரே வயது. ஐந்து வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறிய உடம்பைத் தூக்க மாட்டாமல் பெரும்பாலானவை காலைப் பரப்பி உட்கார்ந்திருந்தன. கடைசியில் தண்ணீர்க் குழாயின் ஓரத்தில் தலை நிமிர்த்தி நின்ற ஒன்றைப் பிடித்தாள்.

“எட்டி, அது கம்பெனிக்க கோழியாக்கும்” என்றார் வாசலில் நின்ற அவள் கணவர் கனகதாஸ்.

“கம்பெனியா ராத்திரி முழிச்சிருந்து குஞ்சுக்கு சூடு வச்சது? நானல்லியா?”

“குஞ்சும் அவியளுக்கு, தீனியும் அவியளுக்கு. நமக்கு ஷெட்டும், குனிஞ்சு நிமிந்த நடுவுவலியும்தான்.”

“அப்போ நாளைக்கு கர்த்தருக்கு எனக்க நடுவ கொண்டு வைக்கவா?”

அவளுக்கு வேறு வழி இல்லை என்று அவருக்கும் தெரியும். கேரள எல்லையில் செங்கல் என்ற ஊரை அடுத்த அந்தக் கிராமத்தின் பழைய மிஷன் சபையில், அறுப்பின் பண்டிகைக்கு ஒவ்வொரு வீடும் தன் சொந்த விளைச்சலிலிருந்து ஒன்றைக் கொண்டுவர வேண்டும். மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், முட்டை, நாட்டுக்கோழி, எதுவானாலும் சரி. ஆராதனை முடிந்ததும் எல்லாம் முற்றத்தில் ஏலம் போகும். கடையில் வாங்கி வருவது கேவலம். முன்பொரு வருஷம் ஒரு குடும்பம் நெய்யாற்றின்கரை சந்தையில் வாங்கிய பூசணிக்காயைக் கொண்டுவந்து, அதில் கடைக்காரன் சுண்ணாம்பால் போட்ட குறியைத் துடைக்க மறந்துவிட்டது. இன்றைக்கும் அந்த வீட்டுக்குப் பெயர் பூசணிக்கா வீடு.

புஷ்பபாயின் வீட்டிலிருந்து வருஷம் தவறாமல் நேந்திரன் குலை போனது. அந்த வாழையையும் அதன் பின்னால் நின்ற ரப்பரையும் வெட்டித்தான் ஷெட் போட்டார்கள். வீட்டையும் நிலத்தையும் சேர்த்துக் கூட்டுறவு வங்கியில் ஈடு வைத்தார்கள். இப்போது அந்த நிலத்தில் விளைவது கோழி மட்டும்.

அதுவும் அவர்கள் கோழி இல்லை. களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கத்தில் இருக்கும் கம்பெனி குஞ்சும் தீனியும் மருந்தும் கொண்டுவந்து இறக்கும். வளர்ந்ததும் லாரியில் ஏற்றிக்கொண்டு, எடைக்குத் தக்க வளர்ப்புக்கூலி கொடுக்கும். குஞ்சு வராவிட்டால் ஷெட் வெறும் தகரமும் வலையும்தான். அதனால் ஒவ்வொரு முறை கோழி ஏறிப்போன பிறகும் இரண்டு பேரும் காத்திருப்பது ஒன்றே ஒன்றுக்கு: அடுத்த குஞ்சு. இந்த வருஷம் அந்தக் காத்திருப்பு நீண்டுகொண்டே வந்தது. ஒற்றசேகரமங்கலத்தில் அகிலேஷ் என்ற இளைஞன், சுற்றிலும் அடைத்து, பெரிய விசிறிகள் வைத்து, இருபதாயிரம் கோழி வளர்க்கும் ஷெட் போட்டிருந்தான். ஊரில் அதை ஏசி ஷெட் என்றார்கள். அப்படி ஒன்று இருந்தால் கனகதாஸின் ஷெட்டைப் போல ஆறேழு தேவைப்படாது. தீனி லாரியும் ஒரே இடத்தில் நின்றால் போதும்.

அன்றன்று செத்த கோழிகளின் எண்ணிக்கையை மாலையில் கம்பெனி சூப்பர்வைசர் சஜுவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அன்று செத்தது மூன்று. புஷ்பபாய்தான் குழி தோண்டிப் புதைத்தாள். இப்போது திண்டில் உட்கார்ந்து, பிடித்த கோழியின் காலைப் பழைய சேலைக் கிழிசலால் இறுகாமல் கட்டிக்கொண்டிருந்தாள். கனகதாஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். லாரியில் ஏற்றும்போது ஒன்று குறைந்தால் கேள்வி வரும். கேள்வி இவள்மேல் வரும். நாலு என்று அடித்து அனுப்பினார். அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் ஏலம் விட்டவர் பொன்னுதாஸ். அவர் விட்டால் பத்து ரூபாய் தேங்காய் இருநூறுக்குப் போகும். நாட்டுக்கோழிகள் சிறகடித்துக் கத்திய இடத்தில் புஷ்பபாயின் வெள்ளைக் கோழி மேசைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தது.

“இது கோழியா, தலகாணியா?” என்றார் பொன்னுதாஸ் மைக்கில். “மக்கா, ஒண்ணு எழும்பி நில்லு. ஆளுக காணட்டு!”

“நின்னா கால் ஒடியும் ஓய்! அது ஆஸ்பத்திரி கேஸு” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சிரிப்பு அடங்க நேரமானது. யாரும் விலை கேட்கவில்லை. புஷ்பபாய் கோழிக்கு முன்னால் வைத்திருந்த அரிசித்தட்டை வெறுமனே நகர்த்தி வைத்தாள். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து சஜு கை தூக்கினான். அவனும் அதே சபைதான்.

“ஐநூறு.”

“எலே, கம்பெனி ஆளே கேக்குறான்! ஆயிரத்துக்கு ஆரு உண்டு?”

யாரோ விளையாட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். சஜு விடவில்லை. கடைசியில் இரண்டாயிரத்துக்கு அவன் பெயரில் முடிந்தது. அவன் மேசைக்கு வந்தான்.

“மாமி, கோழிய கையில பிடியுங்க. ஒரு போட்டோ எடுப்போம்.”

“எங்க ஷெட்டு கோழியாக்கும் மக்கா. ஒனக்கு தெரியாததா?”

“தெரியாம பின்ன?”

அவன் மனைவி ரெஜிலா படம் எடுத்துச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். படத்தில் புஷ்பபாய் சிரிக்கிறாள். அன்று சஜு விலை கேட்டது இரக்கத்தில்தான். ஷெட் பார்க்க வரும்போதெல்லாம் அவள் கையால் கட்டன்சாயா குடித்திருக்கிறான்.

திங்கட்கிழமை கம்பெனியில் கூட்டம். புரட்டாசியில் தமிழ்நாட்டுப் பக்கம் கறி விற்பனை விழுந்திருந்தது. சஜு சுற்றிப் பார்த்துவந்த லைனில் இருந்த சிறு ஷெட்டுகளில் பாதியை வெட்ட வேண்டும் என்றார் மேனேஜர். கம்பெனியாக நிறுத்தினால் விவசாயி கட்டிய டெபாசிட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விவசாயி ஒப்பந்தத்தை மீறியிருந்தால் வேண்டாம்.

“பேரு மட்டும் போதாது சஜு. ரீசனோட கொண்டு வா. ரீசன் கிடைக்கலேன்னா, பாதி லைனுக்கு எதுக்கு ஒரு முழு சூப்பர்வைசர்னு என்கிட்ட கேப்பாங்க.”

மற்றப் பெயர்களுக்குக் காரணம் சீக்கிரம் கிடைத்தது. ஒருவர் தீனிச்சாக்கு விற்றிருந்தார். இன்னொருவர் ஷெட்டில் நாட்டுக்கோழி வளர்த்தார். கனகதாஸ்மேல் ஒன்றும் இல்லை. ஊர் திரும்பும் வழியில் சாயாக்கடையில் பைக்கை நிறுத்தி, சஜு போனில் அந்தப் படத்தைப் பார்த்தான். பிறகு கனகதாஸ் அனுப்பியிருந்த சனிக்கிழமைக் கணக்கைப் பார்த்தான். படம் மட்டும் போதாது. ஒரு கோழி குறைந்தால் அதன் விலையைக் கூலியில் பிடிப்பார்கள், அவ்வளவே. குறையாமல் இருந்தால்தான் விஷயம்; அப்போது கணக்கே பொய்.

அவன் கோழி ஏற்றும் நாள்வரை ஒன்றும் பேசவில்லை.

லாரி வந்தது. கூடைகளில் அடைத்து, எண்ணி, எடை போட்டு ஏற்றினார்கள். சஜு பக்கத்தில் நின்றான்.

“மாமா, ஒண்ணும் குறையல்லியே?”

“நீயே எண்ணினியே மக்கா. வந்ததில செத்தத கழிச்சா மிச்சம் அப்பிடியே உண்டு. ஒண்ணுகூட குறையாது.”

“சரியா இருக்கு மாமா” என்றான் சஜு. கனகதாஸ் கையெழுத்துப் போட்டார்.

புஷ்பபாய் சாயா கொண்டுவந்தாள். “அடுத்த குஞ்சு எப்போ மக்கா? போன தடவ மாதிரி காக்க வச்சிராதே.”

“ஷெட்ட கழுவி வைங்க மாமி. தீனிப்பாத்திரம், தண்ணிப்பாத்திரம் எல்லாம் மருந்து போட்டு கழுவி அடுக்கி வைங்க. வண்டி வரும்.”

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பாத்திரங்கள் கம்பெனியுடையவை. கழுவாமல் எடுத்துப்போனால் கழுவ ஆள்கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டு பேரும் பழைய எருவை வாரி வெளியே தள்ளினார்கள். தரையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார்கள். புஷ்பபாய் சிவப்புப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாள். விரல் இடுக்குகள் வெடித்தன. தேங்காய் நார்த்தூள் வாங்கி விரித்து, அதன்மேல் பழைய பத்திரிகைத் தாள் பரப்பினாள். பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுக்கு நார்த்தூள் தொண்டையில் சிக்கும். ஒரு வியாழக்கிழமை சஜு போன் செய்தான்.

“மாமா, நாளைக்கு காலம்பற வண்டி வரும்.”

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே புஷ்பபாய் சூட்டுப் பல்புகளைப் போட்டுவிட்டாள். குஞ்சு இறங்கும்போது தரை சூடாக இருக்க வேண்டும். வண்டிச் சத்தம் கேட்டதும் மருந்து தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடி, டயர்களில் அடித்தாள். வண்டியின் பின்கதவு திறந்தது. உள்ளே குஞ்சுப் பெட்டி ஒன்றும் இல்லை. சுமை தூக்கும் சுமட்டுக்காரர்கள் இரண்டு பேர் குதித்து இறங்கி, ஷெட்டுக்குப் போய், அடுக்கி வைத்திருந்த பாத்திரங்களைத் தூக்கினார்கள்.

“இதென்னது? குஞ்சு எங்க?” என்றார் கனகதாஸ்.

சஜு பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தான்.

“மாமா, இந்தக் கோழி எப்போ செத்தது?”

கனகதாஸ் படத்தைப் பார்த்தார்.

“சனியாழ்ச்ச நாலு செத்ததாட்டு அனுப்பினிய. ஏத்தின அன்னைக்கு ஒண்ணும் குறையல்ல. அப்போ ஞாயிறாழ்ச்ச மாமிக்க கையில இருந்தது எது? செத்தது உயிர்த்தெழுந்து கோயிலுக்கு வந்துதா?”

சுமட்டுக்காரர்களில் ஒருவன் பாத்திர அடுக்கைப் பிடித்தபடியே சிரித்தான்.

“நாலா?” என்றாள் புஷ்பபாய். “மூணுதானே செத்தது? நானல்லியா குழி தோண்டினது? எலே சஜு, ஆரு ஒனக்கு நாலுண்ணு பறஞ்சது?”

சஜு கனகதாஸின் பக்கம் திரும்பினான். போன் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. வரும்போதே அவன் அதில் ஒலிப்பதிவைப் போட்டிருந்தான்; அவள் சொன்னதும் பதிவாகிக்கொண்டிருந்தது.

“நாந்தான் நாலுண்ணு போட்டேன்” என்றார் கனகதாஸ் அவளிடம். “ஒண்ணு குறைஞ்சா ஒன்னய கேப்பாவளேண்ணு.”

“குறையுதுண்ணு சொல்லியிருந்தா ஒரு கோழிக்க வெல போயிருக்கும், அம்புட்டுதான்” என்றான் சஜு. “இப்போ கள்ளக்கணக்கு. காண்ட்ராக்ட் கேன்சல். டெபாசிட் கிட்டாது. கோழிக்க வெலய கூலியில பிடிப்பாவ.”

“நீதானே மக்கா அத வாங்கினே?” என்றாள் புஷ்பபாய்.

“வாங்கினேன்.”

“அறியாமலா வாங்கினே?”

“அன்னைக்கு வேற ஆரும் கேக்கல்ல மாமி.”

அது உண்மை. அவள் தெரிந்துகொண்டாக வேண்டும் என்பதுபோல், “கறி வச்சியளா?” என்று கேட்டாள்.

“வச்சோம்.”

“எப்பிடி இருந்துது?”

“மாமி, பல்பு எரியுது பாருங்க” என்றான் சஜு. “ஹோல்டரும் வயரும் கம்பெனிக்கதான். அதயும் கழத்தணும்.”

ஒரு சுமட்டுக்காரன் போய்ப் பல்பைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான். புஷ்பபாய் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“சுடும்டே. இத பிடிச்சு கழத்து.”

பல்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. பத்திரிகைத் தாள்களின்மேல் நடந்து நடந்து அவர்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்தார்கள். சஜு வண்டிக்குப் பக்கத்தில் நின்று, விரலால் தொட்டுத் தொட்டுப் பாத்திரங்களை எண்ணினான். மறுபடியும் எண்ணினான்.

“மாமா, தண்ணிப்பாத்திரத்தில ஒண்ணு குறையுது.”

கனகதாஸ் ஷெட்டைச் சுற்றித் தேடினார். காயட்டும் என்று புஷ்பபாய் கவிழ்த்து வைத்த ஒன்று, கோழி புதைக்கும் குழியின் பக்கத்தில் தென்னையின் அடிமூட்டில் கிடந்தது. எடுத்து, ஒட்டியிருந்த மண்ணை வேட்டியில் துடைத்து, வண்டிவரை கொண்டுபோய்க் கொடுத்தார்.

“இப்போ சரியா இருக்கு” என்றான் சஜு.