அப்பா அழித்த செய்திகள்

அப்பாவின் வலது கட்டை விரலைத் தூக்கிப் போனின் பின்பக்கம் இருந்த குழியில் வைத்து அழுத்தினாள் லீனா. திறக்கவில்லை. விரலைத் தன் துப்பட்டாவில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். விரல் இன்னும் வளைந்துகொடுத்தது. ஆனால் சூடு இல்லை.

"என்ன பண்ற அவர் கைய?"

கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டாள். குரல் சாதாரணமாக இருந்தது.

"போன் திறக்கணும்மா. லாக்கு."

"அதுக்கு லாக்கே கிடையாது. மேல தள்ளு, திறக்கும்."

லீனா மேலே தள்ளினாள். திறந்தது. அப்பாவின் கையை மெதுவாக மார்பின் மேல் பழையபடி வைத்தாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்பா போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மஸ்கட்டிலிருந்து வரும் மகன் ரயானை அழைத்துவர ஏர்போர்ட் போவதற்காகக் காலையிலேயே குளித்து, சட்டை போட்டு, கட்டிலில் உட்கார்ந்து ஒரு காலுக்கு சாக்ஸ் மாட்டினார். மற்றக் காலுக்கு மாட்டவில்லை. கூடப் போவதற்காக பிரேசர் டவுனிலிருந்து லீனா ஆட்டோவில் வந்து இறங்கியபோது மணி ஏழு ஐம்பது. அம்மா வாசலில் நின்று, "லீனா, சீக்கிரம் வா, அப்பா சாஞ்சிட்டாரு" என்றாள். இரண்டு தெரு தள்ளியிருந்த டாக்டர் வந்து கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எழுபத்தாறு வயசா?" என்று மட்டும் கேட்டார்.

ரயானின் விமானம் அப்போதுதான் மஸ்கட்டில் கிளம்பியிருந்தது. 'ஏறிட்டேன்' என்று அவன் போட்ட செய்தியும், அதற்கு அப்பா போட்ட கட்டை விரலும் குரூப்பில் அப்படியே இருந்தன. அதற்குக் கீழேதான், எட்டு நாற்பத்தைந்துக்கு, யூஜின் சித்தப்பா அந்தச் செய்தியைப் போட்டிருந்தார். 'என் அண்ணன் ஓஸ்வால்ட் இன்று காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்கம் பற்றிப் பின்னர் அறிவிக்கப்படும்.'

குரூப்பின் பெயர் 'ஓஸ்வால்ட் – பிரிஜெட் பொன்விழா'. சனிக்கிழமை அவர்களுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம். ஜூலை மாதமே அப்பா தானே உட்கார்ந்து அறுபத்து மூன்று பேரைச் சேர்த்திருந்தார். கே.ஜி.எஃப் அத்தை, சென்னைக்காரர்கள், அவர் எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்த மில்லின் பழைய ஆட்கள். ஹால் எது, சாப்பாடு யார், பஸ்ஸில் எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று தினமும் ஏதாவது போடுவார். இப்போது அதே குரூப்பில் கும்பிடும் கைகளும் அழும் முகங்களும் வரிசையாக வந்து விழுந்தன. நடுவில், மேலே எதையும் படிக்காத யாரோ ஒருவர், 'அட்வான்ஸ் ஹாப்பி ஜூபிலி' என்று கேக் படம் போட்டிருந்தார்.

பத்து நாற்பத்தைந்துக்கு ரயான் இறங்குவான். சீட்டை விட்டு எழுவதற்கு முன்பே போனை ஆன் செய்வான். வரிசையில் நிற்கும்போது, யார் யாரோ இடித்துக்கொண்டு பெட்டி இறக்கும்போது, இதைப் படிப்பான்.

லீனா சித்தப்பாவைக் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, அந்த மெசேஜை டெலிட் பண்ணுங்கன்னு சொன்னேனே."

"அப்பவே எடுத்துட்டேனே மா. என் போன்ல இல்லையே!"

"உங்க போன்ல மட்டும் போயிருக்கு. எங்க எல்லார்கிட்டயும் இருக்கு."

"ஐயோ. அப்ப இன்னொருக்கா டெலிட் பண்ணட்டா?"

"இனிமே உங்களால முடியாது சித்தப்பா."

"நல்லதுக்குத்தான் மா போட்டேன். எல்லாரும் கேப்பாங்கல்ல... எங்க அண்ணன் மா." அவர் குரல் உடைந்தது. அவரைத் தேற்ற லீனாவுக்கு நேரமில்லை. "ரயானுக்கு யாரும் தனியா போட வேணாம்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க. ப்ளீஸ். அதை மட்டும் செய்ங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

குரூப்பில் யார் போட்டதையும் அழிக்க அட்மினால் முடியும். அட்மின் அப்பா ஒருவர்தான். அதனால்தான் அவர் போன்.

ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து, எல்லோருக்கும் டெலிட் என்பதைத் தொட்டாள். சித்தப்பா போனார். கே.ஜி.எஃப் அத்தை போனாள். கேக்கும் போனது. ஐந்து அழிப்பதற்குள் இரண்டு புதிதாக வந்தன. சமையலறையில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டு எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். எதற்குத் தண்ணீர் வைத்தோம் என்று தெரியவில்லை. வாசலுக்கு வந்தாள். லாயிட், அவள் கணவர், கோயிலுக்கு ஃபாதரைப் பார்க்கப் போயிருந்தார். ஐஸ் பெட்டி இன்னும் வரவில்லை. மறுபடி உள்ளே வந்து அழித்தாள்.

"நீ கிளம்பு" என்றாள் அம்மா.

"உன்ன தனியா விட்டுட்டா? லாயிட் வரட்டும். இல்ல, அவர ஏர்போர்ட்டுக்கு அனுப்பறேன்."

"லாயிட் வேணாம். நீ போ." அம்மா போர்வையின் ஓரத்தை நீவிவிட்டாள். "எங்க அப்பா போனது எனக்கு எப்படித் தெரியும் தெரியுமா? சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுல. நம்ம தெருவுலேர்ந்து வந்து பழம் விக்கிறவன், என்னைப் பாத்துட்டு, 'என்னம்மா, இங்க நிக்கிற? உங்க அப்பா செத்துட்டாராமே'ன்னான். ஒருத்தருக்குப் பழம் நிறுத்துக்கிட்டே சொன்னான். நிறுத்தறத நிறுத்தல." போர்வையின் மறு ஓரத்தை இழுத்துவிட்டாள். "இப்பக்கூட சப்போட்டா பாத்தா எனக்கு அவன் மூஞ்சிதான் ஞாபகம் வருது. போ. ரயானுக்கு நீ சொல்லு."

கேப் வந்தபோது ஒன்பதரை. அப்பாவின் போனை ஒரு கையிலும் தன் போனை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு லீனா ஏறினாள். ஹெப்பால் வரை வண்டி நகர்வதாகவே இல்லை. அவள் அழித்துக்கொண்டே வந்தாள். நாகவாரா தாண்டும்போதுதான், அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று மாற்ற ஒரு வசதி இருப்பது கண்ணில் பட்டது. மாற்றினாள். குரூப் அமைதியானது. அதுவரை அழித்தவை நாற்பத்தொன்று.

மரியா கூப்பிட்டாள். ரயானின் மனைவி. மகளோடு ஒரு மாதமாக மங்களூரில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். "பஸ் ஏறிட்டோம். நான் அவருக்குப் போன் பண்ணல, அண்ணி. நீங்க சொன்ன மாதிரி." அவள் மேலே ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாள். "அவர் கொஞ்சம்... ஏற்கெனவே சரியில்ல. பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டாள்.

என்ன சரியில்லை? லீனா அப்பாவின் போனில் ரயானின் பெயரைத் தொட்டாள். அவனுக்கு வேறு யாராவது தனியாக அனுப்பியிருந்தாலும் அதில் தெரியப்போவதில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் தொட்டாள்.

மூன்று நாளைக்கு முந்தைய செய்தி. 'பா, கம்பெனி மூடிட்டாங்க. லெட்டர் போன மாசமே குடுத்துட்டாங்க. இங்க வேற கிடைக்கல. மொத்தமா வரேன். அம்மாகிட்டயும் லீனாகிட்டயும் பத்து நாள் லீவுன்னு சொல்லியிருக்கேன். ஜூபிலி நேரத்துல இது வேணாம். உங்ககிட்ட மட்டும் சொல்றேன்.'

அப்பா அரை மணி நேரம் கழித்துப் பதில் போட்டிருந்தார். 'வா. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வா. மிக்ஸி கூட. விழா முடியட்டும், நான் பக்குவாம சொல்லிக்கிறேன். நீ வாய் திறக்க வேணாம்.'

அப்பா எழுதிய 'பக்குவமா'வில் எழுத்துப்பிழை இருந்தது. லீனா போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். நேற்று இரவுகூட அவரோடு பேசியிருந்தாள். பிரியாணிக்கு எத்தனை கிலோ என்றுதான் பேச்சு. ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபம் வந்தது. அதை யார்மேல் கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

"மேடம், டிபார்ச்சரா, அரைவலா?" என்றார் டிரைவர்.

"அரைவல்."

வருகை வாசலில் பெயர்ப் பலகை பிடித்த டிரைவர்கள் கம்பியைப் பிடித்து நின்றார்கள். பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, சற்று முன் அவள் ரயானுக்கு அனுப்பிய 'வாசல்ல நிக்கிறேன்' என்ற செய்திக்கு இரண்டாவது டிக் விழுந்தது. இப்போது அவன் பார்க்கிறான். இப்போது குரூப்பைத் திறக்கிறான்.

கையில் அப்பாவின் போன் அதிர்ந்தது. பதறித் தொட்டாள். தொட்ட பிறகுதான் உறைத்தது, செய்தி திறந்துவிட்டது.

'பா, என்ன இது? குரூப்புல எல்லார் மெசேஜையும் அழிச்சு வச்சிருக்கீங்க! யார்கூட சண்டை? சித்தப்பாவா?' பக்கத்தில் மூன்று சிரிக்கும் முகங்கள்.

லீனா தன் போனில் குரூப்பைத் திறந்து பார்த்தாள். அழித்த ஒவ்வொன்றின் இடத்திலும் ஒரே வரி நின்றது. இந்தச் செய்தி அட்மின் அப்பாவால் அழிக்கப்பட்டது. இந்தச் செய்தி அட்மின் அப்பாவால் அழிக்கப்பட்டது. விரலால் தள்ளத் தள்ள அதுவே வந்துகொண்டிருந்தது. எட்டு ஐம்பத்தொன்பதிலிருந்து ஒன்பது ஐம்பது வரை அப்பா உட்கார்ந்து ஊர் வாயையே அடைத்திருந்தார்.

அடுத்த முப்பது நிமிடமும் அவள் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நடந்தாள். எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். முதலில் உடம்பு சரியில்லை என்று ஆரம்பிக்கலாம். வண்டியில் ஏறியதும் சொல்லலாம். ஹெப்பால் தாண்டியதும் சொல்லலாம்.

ரயான் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். மூன்று பெரிய பெட்டிகள், அவற்றின் மேல் கயிறு கட்டிய ஒரு அட்டைப்பெட்டி. நாற்பத்திரண்டு வயதில் முன்தலை முழுக்க வெளுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

"அப்பா எங்க? கார்லயா?" அவள் தோளைத் தாண்டிப் பார்த்தான். "என்னடி நடக்குது வீட்ல? இறங்கி போனைத் திறந்தா, ஒருத்தர் விடாம எல்லார் மெசேஜும் காலி. நான் கேட்டேன், ப்ளூ டிக் விழுந்துடுச்சு, பதிலைக் காணோம். என்மேலயும் கோவமா?"

தயார் செய்து வைத்த வாக்கியம் எதுவும் லீனாவுக்கு வரவில்லை.

"ரயான், அப்பா இல்லடா."

"இல்லன்னா? வரலையா?"

"காலைல போயிட்டாரு. ஏழு அம்பதுக்கு. உனக்காகக் கிளம்பிட்டிருந்தாரு."

சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் அது பாட்டுக்கு இருந்தது. "இல்லயே" என்றான். "இப்பத்தானே... பாத்தாரே." தன் போனை நீட்டிக் காட்டினான். நீல டிக் இரண்டும் தெரிந்தன.

லீனா கைப்பையிலிருந்து அப்பாவின் போனை எடுத்தாள். அவன் அதைப் பார்த்தான். வாங்கவில்லை. பின்னால் வந்த குடும்பம் ஒன்று வழி கேட்டு நின்றது. "சார், ஸ்வல்ப சைடு பன்னி" என்று கன்னடத்தில் ஒதுங்கச் சொன்னார் காவலர். லீனா டிராலியின் கைப்பிடியிலிருந்து ரயானின் விரல்களை விலக்கிவிட்டுத் தானே தள்ளினாள். சக்கரம் ஒன்று ஒருபக்கமாக இழுத்தது. அவன் பின்னால் வந்தான்.

கேப்பின் டிக்கியில் கேஸ் சிலிண்டர் பாதி இடத்தை அடைத்திருந்தது. அங்கே ஒரு பெட்டியும் அட்டைப்பெட்டியும்தான் போனது. இன்னொன்றைப் பின்சீட்டில் இருவருக்கும் நடுவில் வைத்தார்கள். மூன்றாவதை டிரைவர் தூக்கி முன்சீட்டில் நிறுத்தினார். "ஃபுல் செட்டில்மென்ட்டா சார், மொத்தமா வந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

வண்டி கிளம்பியதும் முன்பக்கம் ஏதோ கீச், கீச் என்று கத்த ஆரம்பித்தது.

ரயான் அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தான். ஒருமுறை, "வலிச்சுதா அவருக்கு?" என்றான். "இல்லன்னு டாக்டர் சொன்னாரு" என்றாள் லீனா. டாக்டர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அம்மா கூப்பிட்டாள். பின்னணியில் ஆட்கள் பேசும் சத்தமும் யாரோ செபமாலை தொடங்கும் சத்தமும் கேட்டன. லீனா ஸ்பீக்கரில் போட்டாள்.

"வந்துட்டானா?"

"வந்துட்டான். பக்கத்துலதான் இருக்கான்."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

பிறகு அம்மா, "ஃபாதர் வந்திருக்காரு. நாளைக்குப் பதினோரு மணிக்கு அடக்கம். ஏழாம் நாள், முப்பதாம் நாள் பூசைக்கெல்லாம் இப்பவே தேதி குறிச்சுக்கலாம்னு கேக்கறாரு. இவனுக்கு லீவு பத்து நாள்தானே? முப்பதாம் நாளுக்கு இருக்க மாட்டானே" என்றாள்.

ரயான் வாயைத் திறந்தான்.

"இருப்பான்மா" என்றாள் லீனா.

"கம்பெனில விடுவாங்களா?"

"இருப்பான். நீ தேதி குறிச்சுக்கோ."

அவள் போனை வைத்தாள். ரயான் நடுவிலிருந்த பெட்டிக்கு மேலாக அவளையே பார்த்தான். அவள் சாலையைப் பார்த்தாள். முன்னால் அந்தச் சத்தம் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"பெல்ட்டு சார்" என்றார் டிரைவர், மன்னிப்புக் கேட்பவர்போல. "சீட்ல வெயிட் இருந்தா ஆளு உக்காந்திருக்குன்னு நினைச்சுக்கும்."

ரயான் எழுந்து இரண்டு சீட்டுக்கும் நடுவே குனிந்தான். பெல்ட்டை இழுத்துப் பெட்டியைச் சுற்றிக் கொண்டுவந்தான். முதல் தடவை கொக்கி மாட்டவில்லை. இரண்டாவது தடவை அழுத்தினான். சத்தம் நின்றது.