பகலில் தொங்கிய பூட்டுகள்

நடுவட்டத்து மலைச்சரிவில் வெளிச்சம் வருமுன்பே பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்து ஆட்களைப் பிரித்து விட்டாயிற்று. இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கும் முதுகில் கூடையுமாக வேலாயி தன் நிரைக்குள் இறங்கினாள். பனியில் நனைந்த தேயிலைச் செடிகள் முழங்கையை அறுத்தன. தேயிலை விலை விழுந்ததிலிருந்து இரண்டு பேர் வேலையை ஒருத்தி செய்தாக வேண்டும். விலை ஏறிய காலத்தில் மட்டும் கூப்பிட்டு விருந்து வைத்தார்களாக்கும்.

விரல்கள் கொழுந்தைக் கிள்ளின; நெஞ்சு கூலிவீட்டு வரிசையான லயத்தில் கிடந்தது. மகள் வனிதாவுக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்து, வெளியே பூட்டிவிட்டு வந்திருந்தாள். பார்க்கிறவர்கள் ஆளில்லாத வீடு என்று நினைத்துக்கொள்ளட்டும். இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது, முகாமில் காய்ச்சல்காரர்களைத் தனிக் கொட்டகையில் அடைத்தார்கள். அதற்குள் போன அண்ணனை அவள் மறுபடி பார்க்கவேயில்லை. நோய் வந்தால் ஒளிக்க வேண்டும் என்பது அன்றைக்கு மனசில் பதிந்தது.

லயத்துத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி மருந்து போட்டவரைச் செலவு மிச்சம் என்று நிறுத்திவிட்டார்கள். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துவந்த எஸ்டேட் கம்பவுண்டரும் போய்விட்டார். குழாயில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. அதைக் குடித்தவர்களுக்குக் காய்ச்சல் வராமல் கல்யாணமா வரும்?

மத்தியானம், கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு மேனேஜர் கீர்த்திவாசன் ஜீப்பில் வந்தார்.

"லயத்துல ஒரு ஊட்டுல டைபாய்டாமா. எந்த ஊடு?"

பெண்கள் குனிந்து கூடையிலிருந்த கொழுந்தைக் கிளறினார்கள்.

"உங்க அழுக்குக்கு எஸ்டேட் பொறுப்பாக முடியாது. சாயங்காலத்துக்குள்ள அந்த ஊட்டைக் காலி பண்ணிருங்க. ஒருத்தரால எல்லாருக்கும் பரவோணுமா?"

வேலாயி கூடையை இறக்கிவைத்துவிட்டு முன்னால் வந்தாள். போவதற்கு எந்த ஊர் இருக்கிறது?

"என் வீடுதாங்க தொரை. எம் மக படுத்திருக்கா. தொட்டியில மருந்து போட்டிருந்தா படுத்திருக்க மாட்டா."

"டீ விக்கிற விலைக்கு மருந்து ஒரு கேடா?"

பக்கத்து நிரை ரேணுகா மடியிலிருந்து சாவியை எடுத்தாள். "என் வீட்லயும்தாங்க. வீட்டுக்காரர் எந்திரிக்க முடியாமக் கெடக்குறாரு. பூட்டிட்டுத்தான் வந்தேன்."

இன்னொருத்தியும் சாவியை எடுத்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக. திருட ஒன்றுமில்லாத லயத்தில் கொஞ்ச நாளாகக் கதவுக்குக் கதவு பகலில் பூட்டுத் தொங்கியதை வேலாயி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்தும் உறைக்கவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஒரே வியாதியை ஆளுக்கொரு மூலையில் ஒளித்துவைத்து அழுதிருக்கிறார்கள்.

"எந்த வீட்டக் காலி பண்ணணும், சொல்லுங்க தொரை" என்றாள் வேலாயி.

கீர்த்திவாசனுக்குக் குரல் ஏறியது. "மொதல்ல கொழுந்தை நிறுங்க. சூடேறிக் கெட்டுப்போகும்."

"தொட்டியக் கழுவுங்க. டாக்டரக் கூட்டியாங்க. அப்புறம் நிறுக்கலாம்."

போலீசைக் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு ஜீப் போனது. வரப்போவது டாக்டரா போலீசா, யாருக்கும் தெரியாது. கொழுந்து மூட்டைகளை யாரும் எடுத்துப்போகாதபடி சிலர் காவல் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் சாவியோடு லயத்துக்கு ஏறினார்கள்.

வேலாயி பூட்டைத் திறந்தாள். வரிசை நெடுக மற்றக் கதவுகளும் திறக்கும் சத்தம் கேட்டது.

வெளிச்சம் பட்டு வனிதா கண்ணைச் சுருக்கினாள். "கதவச் சாத்தும்மா. யாராச்சும் பாத்துருவாங்க."

"பாக்கட்டும்" என்று வேலாயி கதவை அகலத் திறந்து வைத்தாள்.