சதாசிவனின் நிழலுக்குப் பாலிஷ் ஏறிய விவரம்

கொல்லயில் என்ற ஊரில் சதாசிவனின் நிழலைப் பஃபிங் மெஷின் இழுத்துப் பாலிஷ் போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, காலைச் சாயா முடிந்த கையோடு. ஆளுக்குக் காயமில்லை, உள்ளங்கால் மட்டும் கொஞ்ச நேரம் சுட்டது.

மெஷின் அவன் மனைவி பிரசீதாவுடையது. குத்துவிளக்கு, உருளி, பொழியூர் வள்ளங்களின் இன்ஜின் காற்றாடி என்று எது வந்தாலும் சுழலும் துணிச் சக்கரத்தில் காட்டி, முகம் தெரியும்படி திருப்பிக் கொடுப்பாள். பொருளைச் சக்கரத்தின் கீழ்ப்பாதியில்தான் காட்ட வேண்டும். மேல்பாதி பிடுங்கி எறிந்துவிடும். கையுறை, கழுத்துச் சங்கிலி, இடுப்பில் முண்டு எதுவும் கூடாது. கண்ணாடியும் முகமூடியும் மாட்டாமல் ஸ்விட்சைத் தொடக் கூடாது. தொங்குகிற எதையும் சக்கரம் விடாது என்பாள். சதாசிவன் அன்று எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டிருந்தான். தான் பாலிஷ் போடுவதை எடுக்கும் ரீல்ஸில் தலைமுடி மின்ன வேண்டுமென்று முதுகுக்குப் பின்னால் ஒரு விளக்கை நிறுத்தியிருந்தான், அவ்வளவுதான். நிழல் போய்ச் சக்கரத்தின் மேல்பாதியில் விழுந்தது. சக்கரம் அதைத் தலைப்பக்கமாகப் பிடித்துச் சுருட்டி, தேய்த்து, சுவரில் எறிந்தது. சுவரிலிருந்து வழிந்து அவன் காலடிக்குத் திரும்பியபோது அது புதுப் பித்தளையாக மின்னியது.

முதலில் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. கோழிகள் நிழலைக் கொத்திப் பார்த்தன. பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் அவனைக் கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொல்லி அதில் பொட்டைச் சரிசெய்தார்கள். காரக்கோணத்தில் ஒரு தோல் டாக்டர் நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, தன் தலையை வாரிக்கொண்டு அவனை அனுப்பிவைத்தார். லாரிக்காரர்களுக்குக் கண் கூசுவதால் சாயங்கால வெயிலில் பாறசாலை ரோட்டில் நடக்க வேண்டாமென்று போலீஸ்காரர் ஒருவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

தொல்லை வேறு வழியில் வந்தது. மத்தியானம் ஆனால் சொல்லாமல் கள்ளுக்கடைக்கு நழுவுவது அவன் வழக்கம். இப்போது அவன் நடந்தால் தென்னை ஓலைகளின் அடிப்பக்கத்தில் ஒரு வெளிச்சமும் கூடவே நடந்தது. பிரசீதா பட்டறை வாசலில் நின்றபடியே அது எந்த வளைவில் திரும்புகிறது, எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துவிடுவாள். நிழலை மங்கவைத்துத் தரும்படி கெஞ்சினான். மனுசனை மெஷினில் காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவள், நிழல் சக்கரத்தில் விழாதபடி விளக்குகளையெல்லாம் மெஷினுக்கு முன்பக்கம் மாற்றி மாட்டினாள்.

அவள் நெய்யாற்றின்கரைக்குத் துணிச் சக்கரம் வாங்கப் போன ஒரு நாளில், சதாசிவன் மணல்தாள் சக்கரத்தைப் பூட்டி, பழையபடி முதுகுக்குப் பின்னால் விளக்கை வைத்தான். ஆனால் பாலிஷ் ஏறிய நிழலுக்குத் தகட்டின் உறுதி வந்திருந்தது. அது கிழியவில்லை, தேயவில்லை. ஆளையும் சேர்த்து இழுத்தது. நெஞ்சும் தாடையும் மெஷினில் முட்டி, கை சக்கரத்துக்கு நாலு விரல் தூரத்தில் இருந்தபோது, பாலிஷுக்குக் கொடுத்த காற்றாடியைத் திரும்ப வாங்க வந்த பொழியூர் வள்ளக்காரர் வில்பிரட் உள்ளே பாய்ந்து ஸ்விட்சை அணைத்தார்.

“எலே, ஒனக்கு வட்டாக்கும், முழுக் கிறுக்கு,” என்றார். பிறகு சக்கரம் சுற்றி ஓயும்வரை அவனைத் தோளோடு பிடித்துக்கொண்டார்.

பிரசீதா வந்து மணல்தாளைப் பார்த்தாள், தோல் உரிந்த அவன் தாடையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று சதாசிவன் காத்திருந்தான். அவளோ அவன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டினாள்.

“நெழலு மின்னுனா மின்னட்டு,” என்றாள். “கை ரெண்டும் எனக்கு வேணும். கேட்டியளா?”

அன்றுமுதல் அவன் கள்ளுக்கடைக்குச் சொல்லிவிட்டே போனான். பிரசீதாவும் அவனோடு கல்யாண வீடுகளுக்குப் போகத் தொடங்கினாள்; பந்தல்காரர்கள் அவனை மணமேடைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு விளக்கு வாடகையை மிச்சம் பிடித்தார்கள். சில வருடம் கழித்து மகள் பிறந்தாள். அரைஞாண் கட்டும் சடங்கான இருபத்தெட்டு கெட்டுக்கு வந்தவர்கள் குழந்தையின் முகத்தை விட்டுவிட்டுத் தரையைக் குனிந்து பார்த்தார்கள். எல்லாருக்கும் உள்ளது மாதிரி கறுப்பு நிழல்தான். பிரசீதா நிம்மதியாகக் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். சதாசிவனுக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. பாயசத்தை இரண்டாம் தடவையும் வாங்கிக் குடித்தான்.