ஒன்பதாவது அடி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. குஜராத்தில், பாவ்நகரில் எங்கள் மாடி வீட்டு ஹன்சாபென் கடலை உரித்துக்கொண்டே சொன்னது. நான் அதைக் கொஞ்சம் கெடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

"பதினோரு கிராமங்களை ஆண்ட வடேரியா சமஸ்தானத்தின் மாட்சிமை பொருந்திய…"

(மாட்சிமையாவது! மன்னர் மேருபாவின் அரண்மனை மழைக்கு ஏழு இடத்தில் ஒழுகும். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

2

விஷயம் இதுதான். வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளைக்கார அரசின் ஏஜென்ட் வருவார். மேருபா அரியணையிலிருந்து எழுந்து ஒன்பது அடி எதிர்கொண்டு போகவேண்டும். (அரியணை என்றால் ஒரு பட்டு மெத்தையும் திண்டும்.) பத்தாவது அடி வைத்தால் கோப்பில் ஏறிவிடும், அப்புறம் பரம்பரைக்கும் பத்துதான். அடி கூடினால் மதிப்பு குறைவு; பக்கத்துச் சமஸ்தானத்துக்காரர்கள் சிரிப்பார்கள். அந்த ஒன்பதைக் காப்பது திவான் ஓதவ்ஜியின் வேலை. அவர் ஹன்சாபென்னின் கொள்ளுத்தாத்தா.

3

அந்த வருஷம் குதிரையிலிருந்து இறங்கும்போது ஏஜென்டுக்குக் கால் பிசகிவிட்டது. தாங்கப் போன வேலையாட்களை வேண்டாமென்று கையசைத்துவிட்டு, வாசல் தூணைப் பிடித்தபடி நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. மேருபா ஒன்பதாவது அடியில் நின்றார். நடுவில் இன்னும் பதினைந்து அடி இருந்தது.

"பாபு, அசையாதீங்க," என்றார் ஓதவ்ஜி, மன்னரிடம் மெல்ல. "இன்னிக்கு நீங்க ஒரு அடி கூட வெச்சா, நாளைக்கு உங்க பேரனும் வெச்சாகணும்."

"வீட்டுக்கு வந்த மனுஷன் வாசல்ல நொண்டிக்கிட்டு நிக்கிறான், ஓதவ்ஜிபாய். நான் மரம் மாதிரி நின்னா அந்தப் பேரன் என் மூஞ்சில முழிப்பானா?"

4

இங்கே எனக்கு இரண்டு முடிவுகள் தோன்றின. மன்னர் ஓடிப்போய்த் தாங்குகிறார். சமஸ்தானத்தின் மதிப்பு இறங்குகிறது. மன்னர் அசையாமல் நிற்கிறார். மதிப்பு பிழைக்கிறது, எனக்கு அவரைப் பிடிக்காமல் போகிறது. அந்தக் கணத்தில் ஓதவ்ஜியின் மனத்தில் ஓடியது…

ஹன்சாபென் முறைத்தார். மனத்தில் ஒன்றும் ஓடவில்லையாம், ஆள்தான் ஓடினாராம். வேட்டியை வரிந்துகட்டிக்கொண்டு, அரியணையைத் திண்டோடு வாரியெடுத்து, சபை முழுக்கப் பார்க்க வாசலருகே கொண்டுபோய்ப் போட்டார். அரியணை இருக்கும் இடத்திலிருந்துதானே அடியை எண்ணுவது!

மேருபாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விறுவிறுவென்று போய் ஏஜென்டுக்குத் தோள்கொடுத்து, அந்த மெத்தையிலேயே தம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். ஒன்பது அடியைக் காப்பாற்றிய ஓதவ்ஜி, அரியணையில் பாதி போனதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

5

வலி கொஞ்சம் அடங்கியதும், எத்தனை அடி என்று எழுதட்டும் எனத் தமக்குத் தெரிந்த குஜராத்தியில் கேட்டார் ஏஜென்ட்.

"அத அப்புறம் பாத்துக்கலாம், சாகேப். காலை நல்லா நீட்டுங்க," என்றார் மேருபா, எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு.

ஏஜென்ட் என்ன எழுதினார்? கோப்பு இன்னும் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறதாம். பஸ் பிடித்தால் இரண்டு மணி நேரம். நான் போகவில்லை, போகப்போவதும் இல்லை. மனசு நிறைந்து உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்குப் பொறுக்காவிட்டால் நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்:

அன்று வடேரியா மன்னர் விருந்தாளியை நோக்கி வைத்தது ______ அடி.