கூப்பிட்டீங்களா?

1

இந்தக் கதை நானாக யோசித்ததல்ல. அண்ணன் மகள் கொடுத்தது. "என்னப் பத்தி எழுதுங்க அத்தை. ஆனா அழுகாச்சியா எழுதினா கிழிச்சுப் போட்டுடுவேன்" என்று மிரட்டிக் கொடுத்தாள். வீட்டில் அவளை மிளகு என்போம். ஆள் சிறிசு, காரம் பெரிசு. வயது இருபது.

2

தொடக்கம்: அந்த இருண்ட அறையில் ஓர் இளம்பெண்...

(அடித்துவிட்டேன். அறையில் இருட்டே இல்லை, பெரிய ஜன்னல். அத்தனை வெளிச்சத்தில்தான் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கல்லூரிக்குப் போகவில்லை, தலை வாரவில்லை. சோம்பேறித்தனம் என்றோம் நாங்கள். மனச்சோர்வு என்றார் டாக்டர்.)

மாத்திரையில் கொஞ்சம் தேறி எழுந்து நடமாடியபோது இன்னொன்று ஆரம்பித்தது. அண்ணன் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர்; வீட்டு முன்னறைதான் பட்டறை. அங்கே வந்து நிற்பாள்.

"கூப்பிட்டீங்களாப்பா?"

"இல்லையேம்மா."

அவள் முகம் வெளிறிப்போகும். அதைத் தாங்க முடியாமல் அடுத்த தடவை அண்ணன், "ஆமாம்மா, அந்த ஸ்பேனர எடு" என்றார். அதிலிருந்து வீடே அப்படித்தான். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டோம். எல்லோரும் ஆமாம் என்போம். 'ஆமா, தண்ணி கொண்டா' என்று சொல்லிச் சொல்லியே அண்ணி தாகமே இல்லாமல் தம்ளர் தம்ளராகத் தண்ணீர் குடித்தாள்.

(ஓரக்குறிப்பு: இதைப் பொய் என்றே நாங்கள் நினைக்கவில்லை. செல்லம் என்று நினைத்தோம்.)

3

இந்த இடத்தில் ஒரு வில்லன் இருந்தால் கதை சூடுபிடிக்கும். தேடினேன், அகப்படவில்லை.

ஒரு மாலை, எதிர்ச்சாரியிலிருந்து அப்பா கூப்பிடுகிறார் என்று ரோட்டின் குறுக்கே நடந்துவிட்டாள். பஸ் கிறீச்சென்று...

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை. அவளுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.)

"நீங்கதானேப்பா கூப்பிட்டீங்க?" என்றாள் வீட்டுக்கு வந்து. அண்ணன் வாயில் அன்று 'ஆமாம்' வரவில்லை. உட்கார்ந்து அழுதார். எத்தனையோ தடவை கூப்பிடாமலே ஆமாம் சொன்னதைச் சொன்னார். மறுநாள் அவளே டாக்டரிடம் குரல்களைப் பற்றிப் பேசினாள்.

டாக்டரம்மா எங்களைத் திட்டவில்லை. "இது சைக்கோசிஸோட, அதாவது இல்லாதது நிஜம்போலக் கேக்குற நோயோட, ஆரம்பமா இருக்கலாம். சீக்கிரமே வந்துட்டீங்க, நல்லது. இனிமே கூப்பிடலன்னா கூப்பிடலன்னே சொல்லுங்க. சொல்லிட்டு, பக்கத்துல உட்காருங்க."

4

இப்போது மருந்து மாறியிருக்கிறது. "கூப்பிட்டீங்களா?" இன்னும் வரும், எப்போதாவது.

"இல்லடி தங்கம்" என்பாள் அண்ணி.

"அப்ப சரி" என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மோட்டாரைக் கழற்றுவாள். அவர் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பாள். அவர் முறைப்பார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

இதுவரை படித்துவிட்டு மிளகு கேட்டாள்: "கடைசில எனக்கு முழுசா சரியாயிடுதா அத்தை?"

ஆமாம் என்று ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். நல்ல பத்தி. அவள் கண்ணெதிரேயே அடித்தேன்.

"தெரியலடி."

"அப்ப சரி" என்று நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆறுதலுக்கென்று மட்டும் ஒரு வரியும் சேர்த்துவிடாதீர்கள். அவள் படிப்பாள்.